வரதனின் படகு மோட்டார்

வரதன் அப்பாவுக்கு,

கண்ணமங்கலம் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறேன். சோறு வடித்திருக்கிறது, குழம்பை மட்டும் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் முள்ளிப்பட்டுக்குப் போயிருந்தபோது மெக்கானிக் வந்தார். பழவேற்காட்டில் பிள்ளையைப் பறிகொடுத்து நாம் கொண்டுவந்த மோட்டாரை, தண்ணீர் டிரம்மில் மாட்டியிருந்தபடியே பார்த்தார். பிளக்கைக் கழற்றினார், பெட்ரோல் ஈரமே இல்லை.

"மோட்டார்ல கோளாறே இல்லம்மா. யாரோ பெட்ரோல் டேப்பை மூடிட்டு மூடிட்டு கயிறு இழுத்துகினு இருக்காங்க" என்றார்.

டேப்பைத் திறந்து ஒரே இழுப்பு, கிளம்பிவிட்டது. வரதன் நம்மைப் படகில் ஏற்றிக்கொண்டு போனானே, அன்று கேட்ட அதே சத்தம். நிறுத்த வேண்டாம், கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று அவரிடம் சொன்னேன்.

அதை விற்றுத் தொலையுங்கள் என்று உங்களை நான் பேசாத பேச்சில்லை. நீங்களானால் வாங்க வந்தவர் எதிரில் டேப்பை மூடிவிட்டுக் கயிற்றை இழுத்திருக்கிறீர்கள்.

மோட்டார் கிளம்பினால் வாங்கிக்கொள்கிறேன் என்ற தெள்ளார்க்காரர் மத்தியானம் மறுபடியும் வருகிறார். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன், காபி கொடுங்கள்.

ரேணுகா

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். டேப்பைப் பழையபடி நானே இறுக்கி மூடிவிட்டேன். அவர் எதிரில் கயிற்றை நன்றாக இழுத்துக் காட்டுங்கள்.