வாய் தைத்த பாக்கெட்டுகள்

மாஸ்டர்,

போர்ட் பிளேரைச் சுற்றிய உப்புத் தண்ணீர் அத்தனையின் மீதும் ஆணை: யாரும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். நீர் கண்மூடி மூன்று மழைக்காலம் ஆயிற்று. இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டீரா அண்ணாச்சி!" என்று துணி வெட்டும் கத்தரியைக் கீழே வைத்திருப்பீர்.

அன்று பிரிக்காமல் எடுத்துவைத்த அந்த நீல அரைக்கால்சட்டை இன்று காலை அலமாரியில் அகப்பட்டது. பாக்கெட்டுக்குள் விரல் நுழையவில்லை. நல்ல சமயத்தில்தான் அகப்பட்டது. தையல் கூடத்தை இப்போது பார்த்துக்கொள்ளும் என் மருமகன் நேற்றுத்தான், "பேச்சைக் குறைச்சா உருப்படி கூடும் மாமா. இனிமே கூடத்துல யாரும் பேசக் கூடாது" என்றான்.

இதே ஞானம் எனக்கும் ஒருமுறை பிறந்ததே! கார் நிக்கோபார் தீவுப் பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர். வேகம் கூடட்டும் என்று, 'சுப் ரஹோ', அதாவது பேசாதே, என்று பலகை எழுதி மாட்டினேன். பன்னிரண்டு பெண்களும் ஊமையானார்கள். அந்த அமைதிக்குப் பயந்து ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல்கள் சங்கு ஊதவில்லை. ஒரு முதலை நம் கூடம் இருக்கும் மரைன் ஹில் குன்றில் ஏறி வந்து, யார் செத்தது என்று விசாரித்துவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் காலை, மூட்டை கட்டும்போது நீர் ஒரு கால்சட்டையில் கைவிட்டீர். கை போகவில்லை. ஓரத் தையல் பாக்கெட் வாயையும் சேர்த்து மூடியிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மாலைக் கப்பலை விட்டால் பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளுக்குச் சீருடை இல்லை. அந்தப் பள்ளி நம்மை மறுபடி கூப்பிடப்போவதுமில்லை.

"யாருக்குமே கண் தெரியலையா?" என்று குதித்தேன்.

பாக்கெட் வைக்கும் மாலதி தலை நிமிராமல், "தேகா தா, மாலிக். லேகின் போர்ட்..." என்றாள். "பார்த்தேன் முதலாளி, ஆனால் போர்டு..." என்கிறாள்! வழக்கமாக அவள்தான் அடுத்த மிஷினைப் பார்த்து, "ஏ, பாக்கெட் விட்டுத் தை!" என்று கத்துவாள்.

"நீரு அவங்க வாயத் தச்சீரு. அவங்க பாக்கெட் வாயத் தச்சிட்டாங்க" என்றீர். பலகையைக் கழற்றினீர். அதன்மேல் பன்னிரண்டு டீ வைத்து என் கையில் திணித்தீர். "நீரே கொண்டுபோய்க் கொடும், வே."

மாலதி ஒரு வாய் குடித்தாள். "சீனி கம் ஹை, மாலிக்!" என்றாள். சீனி குறைவாம். "எவ சொன்னா?" என்று நான் சீறியதும் கூடமே வெடித்துச் சிரித்தது. சிரித்த அதிர்ச்சியில் பாதித் தையல் தானாகவே பிரிந்தது. மீதியைப் பேசிப் பேசியே பிரித்தார்கள், பாடிப் பாடியே தைத்தார்கள். கப்பல் மலையேறி வந்து மூட்டைகளை வாங்கிக்கொண்டு போனது.

இன்று இதையெல்லாம் சொல்லி, மருமகனிடம் கால்சட்டையை நீட்டி, "உள்ளே கைய விடு" என்றேன்.

"போகலையே மாமா?"

"நீ மாட்டப்போற போர்டு அதுதான்."

அவன் கதையை நம்பவில்லை. நம்ப வேண்டாம். நான் இருக்கும்வரை அந்தச் சுவரில் அப்படியொரு பலகை ஏறாது, மாஸ்டர். பழைய பலகை என்னிடம்தான் இருக்கிறது. எழுத்து டீக்கறையில் மறைந்துவிட்டது. நான்கு மணிக்கு அதில் டீ தூக்கிப் போகிறவன் இன்றும் நான்தான்.

முதலையும் மலையேறிய கப்பலும் என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் உண்மை. அதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் உம்மிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

அன்றைக்குச் சீனி குறைவுதான்.