மலிந்துபோன இயந்திரம்

வைகாசி, செவ்வாய்க்கிழமை இரவு.

நித்திரை வரவில்லை.

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் இயந்திரம் ஒன்றை, நாங்கள் கரைவலை இழுக்கும் இடத்தில் வைக்கப்போவதாக ஒரு கம்பனி போன மாதம் கேட்டது. எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. ஆனால் வந்தவரின் முகத்துக்கு நேரே மாட்டோம் என்று சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை. மரக்கறி வேண்டாமென்றால், விலை கூடிப்போச்சு என்போம். வியாபாரியும் விளங்கிக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விடுவார். வலைக்குச் சொந்தக்காரரான மரியதாஸ் அண்ணையும் கம்பனி அனுப்பிய எஞ்சினியரிடம் அப்படித்தான் சொன்னார்: "நல்ல சாமான் தம்பி, ஆனா விலை கூடவெல்லோ."

இன்று எஞ்சினியர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"ஐயா, நீங்கள் சொன்னது சரி. ஒண்டு ரெண்டெண்டா ஆக்கள் கையால பொருத்திப் பூட்டோணும், அதுதான் அந்த விலை. நூற்றுக்கணக்கில ஓடர் குடுத்தா ஃபக்டரியில மெஷினே பூட்டும். ஒவ்வொண்டின்ர விலையும் நல்லா இறங்கும்."

"அவ்வளவையும் எங்க வைப்பியள்?" என்று அண்ணை கேட்டார்.

அவர் வரைபடத்தை விரித்தார். கோயிலடியிலிருந்து கடைசி மீன்வாடி வரைக்கும் கரை முழுவதற்கும் இயந்திரங்களுக்கென்று நீலம் பூசியிருந்தது. எங்களுடைய வலை எந்த இடத்திலும் இல்லை.

"இனி விலையில குறை சொல்லமாட்டியள்தானே, ஐயா?"

மரியதாஸ் அண்ணை வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தொண்டையைச் செருமினார்.

"விலை பரவாயில்லை, தம்பி. ஆனா உங்களுக்கு இடம் காணாதே, கரை சின்னனெல்லோ."

நான் அவருடைய காலை மிதித்தேன். பிந்திவிட்டது. எஞ்சினியருடைய விரல் ஏற்கெனவே வரைபடத்தில் எங்கள் கரையையும் தாண்டித் தலைமன்னார்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.