டீச்சர் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்

மார்கழி 12, செவ்வாய்க்கிழமை. நல்ல மழை.

ரத்தினம் டீச்சரின் பழைய ஹீட்டர் போன வாரமே சரியாகிவிட்டது. அறுந்த கம்பிச்சுருளை மாற்றி, புது வயரும் போட்டுவிட்டேன். ஆனால் கொடுக்கவில்லை. தினமும் பின்னேரம் டீச்சர் என் ரிப்பேர் கடைக்கு விசாரிக்க வருவார். நான் ஒரு சாக்குச் சொல்வேன். அவர் திட்டிக்கொண்டே பால் இல்லாத ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார்.

இன்று மத்தியானமே வந்துவிட்டார். ஹீட்டர் சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருந்தது. முன்னால் என் சாக்ஸ் இரண்டும் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னங்கண்ணே, இதுதான் நீங்க டெஸ்ட் பண்ற லட்சணமா?"

"ஆமாங்க டீச்சர். ரெண்டும் காஞ்சாத்தான் பாஸ். ஒண்ணுதான் காஞ்சிருக்கு."

"உங்களையெல்லாம் பெஞ்சு மேல ஏத்தணும்!"

டீச்சர் சிரித்துக்கொண்டே ஹீட்டரை அணைத்து வயரைச் சுருட்டினார். அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கேட்டார்.

"இனிமே பழுதாகாதுல்ல?"

"என் காலம் வரைக்கும் ஆகாதுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பழுதாகாவிட்டால் அவர் எதற்கு இங்கே வரப்போகிறார்? ஒரு திருகாணியையாவது சரியாக முடுக்காமல் விட்டிருக்கலாம்.

பின்னேரம் பழக்கத்தில் இரண்டு பிளேன்டீ ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒன்று இன்னும் ஈரம்.