பேரோடு எழுதிய மன்றாட்டுகள்

இராயப்பன்பட்டி
14-4-2024

அன்புள்ள ஜான்சிக்கு,

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். சின்ன வயதில் நம்மோடு கோயிலில் புதுநன்மை எடுத்தவர்களில் ஊரோடு கிடப்பது நான் ஒருத்திதான். நீ ஆண்டிபட்டிப் பக்கம் மில் விடுதிக்கு வார்டனாக வந்தது எனக்குப் பெரிய தைரியம். உன்னை நம்பித்தான் என் மகள் அனிதா மேரியை அந்த மில்லுக்கு அனுப்பினேன்.

அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உயிர்ப்புத் திருநாளுக்கு மூன்று நாள் வந்திருந்தாள். சோறு போட்டால் சாப்பிடுகிறாள், எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். மதியம் நான் மிக்சி போட்டபோது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நிறுத்தினதும் முழித்துக்கொண்டாள். இரைச்சல் இருந்தால்தான் தூக்கம் வருகிறதாம்.

ஆள் பத்தாததால் எட்டு மணி நேர ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரமாகி மூன்று மாதம் ஆகிறது என்றாள். என் பிள்ளைக்கு மட்டும் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பழையபடி எட்டு மணி நேரம் வர, நீ மேலே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

உன் கையில் இருப்பது ஆபீஸ் போன், அதில் எதுவும் பேசாதே என்று சொல்லியிருந்தாய். அதனால் பிள்ளைகளை ஏற்ற வருகிற வேன் டிரைவர் கருத்தக்கண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். "நான் வேன் ஓட்டுறேனா, தபால் ஓட்டுறேனா?" என்று கேட்டார். ஒரு டம்ளர் காபிக்குச் சம்மதித்துவிட்டார்.

உன் சேக்காளி
ஜெபமணி


மில் விடுதி
22-4-2024

என் ஜெபமணிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் செபப் புத்தகத்தைப் பார்த்து எழுதப் பழகி, இன்றைக்கும் ஒவ்வொரு எழுத்தும் அச்சுப் போலவே நிற்கிறது.

ஷிப்ட் விஷயம் எனக்குத் தெரியாததில்லை. ஜனவரியிலிருந்து நாற்பத்தொரு பிள்ளைகள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். போனவள் இடத்தை இருக்கிறவள் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்துப் பார்த்துச் சலித்து அவளும் போகிறாள். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். என்னைக் கூப்பிட்டு, "ஏன் போறாங்கன்னு எழுதிக் குடுங்க மேடம், சரி பண்ணிடலாம்" என்றார். நான் போய்க் கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கோம் என்கிறார்கள். வார்டனிடம் வேறு என்ன சொல்வார்கள்?

நம் ஊரிலிருந்து மட்டும் பதினாறு பேர் இங்கே வேலை பார்க்கிறார்கள். உன்னிடம் சொல்வார்கள். கேட்டு எழுதி அனுப்பு. ஜூன் மீட்டிங்கில் அதை வைத்து எட்டு மணி நேரத்தைக் கேட்கிறேன். இது என் வாக்கு.

அன்புடன்
ஜான்சி


இராயப்பன்பட்டி
6-5-2024

அன்புள்ள ஜான்சிக்கு,

ஆண்டவர் உனக்கு நல்ல நாக்கைக் கொடுக்கட்டும்.

நான் யாரையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்தோறும் எங்கள் தெருவில் அன்பியக் கூட்டம். பதினைந்து வீட்டுக்காரர்கள் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். கடைசியில் ஆளாளுக்குத் தங்கள் மன்றாட்டைச் சொல்வார்கள். அதை நோட்டில் எழுதுவது என் வேலை. ஆறு வருஷமாக ஒரு வாரம் விட்டதில்லை. யார், என்றைக்கு, எதற்காக என்று எல்லாம் இருக்கிறது. லீவுக்கு வந்த மில் பிள்ளைகள் சொன்னதை மட்டும் அதிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறேன்.

பேர் போடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பேர் சொல்லாவிட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும். மேனேஜருக்கு எப்படித் தெரியும்? அதனால் போட்டுவிட்டேன். மொத்தம் இருபத்தேழு. மாதிரிக்கு நாலு இங்கே, மற்றது தனித் தாளில்.

பெப்ரவரி 6, சகாயராணி: நின்றே வேலை பார்ப்பதில் வந்த கால் வீக்கம் வற்ற.

மார்ச் 12, அமலி: பாத்ரூம் போக அட்டை வாங்க வேண்டும், பதினெட்டுப் பேருக்கு ஒரே அட்டை. அதற்கு நிற்கப் பயந்து தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு தீர.

ஏப்ரல் 2, அனிதா மேரி: சூப்பர்வைசர் மைக்கில் என் பேரைச் சொல்லி ஏசாமல் ஒரு நாள் கழிய.

அதே நாள், சுருளிப்பட்டி நாகஜோதி (அனிதாவுக்குப் பக்கத்து மெஷின், அவளோடு வந்திருந்தாள்): படுத்தால் தூக்கம் வர. மெஷின் முன்னால் நிற்கும்போது கண் சொருகாமலிருக்க.

இந்தப் பிள்ளை நம் வேதமில்லை. "உங்க சாமியோ எங்க சாமியோ, தூக்கத்தைக் குடுக்குற சாமி நல்ல சாமி" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

நீ கேட்ட மாதிரி எழுதிவிட்டேன். நீ சொன்ன மாதிரி செய்.

உன் ஜெபமணி


மில் விடுதி
10-6-2024

அன்புள்ள ஜெபமணிக்கு,

மீட்டிங் முடிந்தது. மேனேஜர் உன் தாளை முழுக்கப் படித்தார். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தந்ததில்லையாம்.

பாத்ரூம் அட்டை இரண்டாகிவிட்டது. மாதம் ஒருநாள் பிறந்தநாள்காரப் பிள்ளைகளுக்குக் கேக். மன அழுத்தம் குறையக் காலை ஷிப்டுக்கு முன்னால் அரை மணி நேரம் சிரிப்புப் பயிற்சி. அதற்காக அரை மணி நேரம் முன்னாலேயே எழுப்புகிறேன். வரிசையில் நின்று கையைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். நானும் நின்று சிரிக்கிறேன். எட்டு மணி நேரத்தைக் கேட்டேன். புது ஆள் சேர்ந்தபின் பார்க்கலாம் என்றார்கள்.

இன்னொன்று. அனிதா சொல்லி நீ அறிவதைவிட நானே எழுதிவிடுகிறேன். தூக்கம் கெட்டவளை மெஷினில் நிறுத்தினால் விபத்து வரும் என்று நாகஜோதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பு தகுதியில்லை என்று கையெழுத்து வாங்கினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். சரி மேடம் என்றாள், பேனாவை மூடி என்னிடமே கொடுத்தாள். ஆள் வரும்வரை அவள் மெஷினையும் அனிதா பார்க்கிறாள்.

மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

ஜான்சி


இராயப்பன்பட்டி
25-6-2024

ஜான்சிக்கு,

பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என்னிடம் சொன்னது போதாது, அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பாதர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சுருளிப்பட்டிக்குப் போனேன்.

திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்கடியில் நின்று காய் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அண்ணாந்தே செய்கிற வேலை. என்னைப் பார்த்தும் கத்தரியை நிறுத்தவில்லை.

"வாங்க. தூக்கம் வருதான்னு கேட்டு எழுதிட்டுப் போக வந்தீகளா?"

நான் குனிந்து பந்தலுக்குள் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"வருது. கழுத்து வலியில நல்லாவே வருது."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் நல்லதுக்குத்தான் எழுதினேன் என்றேன். அவளுக்கு அப்பா கிடையாது. இன்னும் ஆறு மாதத்தில் மில்லில் பர்மனென்ட் ஆகியிருப்பாளாம். அந்த வேலை கஷ்டம்தான், ஆனாலும் தன் பேரில் இருந்த வேலை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் கிளம்பும்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சாமிகிட்டச் சொன்னேன். நீங்க மேனேஜர்கிட்டச் சொல்லிட்டீக."

பஸ் ஏறி வீடு வந்து உலை வைத்தேன். வேறென்ன செய்ய?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தாள் செபத்துக்காக எழுதியது, வேலைக்காக எழுதியதில்லை என்று மேனேஜரிடம் சொல். நாகஜோதியைத் திரும்ப எடுக்கச் சொல். நீ கூப்பிட்டால் நானும் நேரில் வந்து சொல்கிறேன்.

ஜெபமணி


மில் விடுதி
15-7-2024

அன்பு ஜெபமணிக்கு,

பதில் எழுதத் தாமதமானது. கையெழுத்துப் போட்டுப் போனவளைத் திரும்ப எடுப்பதில்லையாம். ஒருமுறை கேட்டேன். இன்னொருமுறை கேட்டால் என் வேலையைப் பற்றிப் பேச்சு வரும். என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்.

நல்ல சேதியும் இருக்கிறது. மீட்டிங்குக்குப் பிறகு ஒரு பிள்ளைகூட வேலையை விடவில்லை. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எட்டு மணி நேரப் பேச்சு இப்போதைக்கு இல்லை. யாரும் போகாதபோது என்ன அவசரம் என்கிறார்கள்.

மேனேஜர் உன்னை ஞாபகம் வைத்திருக்கிறார். விடுதியில் எனக்கு உதவிக்கு உன்னைப் போல ஒருவர் வேண்டுமாம். பிள்ளைகள் மனம் விட்டுப் பேசுவார்கள், நீ குறித்து வைத்தால் போதும் என்றார். அனிதாவோடும் இருக்கலாம். யோசித்துச் சொல்.

ஜான்சி


இராயப்பன்பட்டி
12-8-2024

ஜான்சிக்கு,

நான் வரவில்லை.

கோயில் திருவிழாவுக்கு மில் பிள்ளைகள் பதினாறு பேரும் வந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அன்பியக் கூட்டத்துக்கும் வந்தார்கள். மன்றாட்டு நேரத்தில் நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். பதினாறு பேரும் அதையே சொன்னார்கள். கடைசியில் மழைக்காக வேண்டிவிட்டு எழுந்தோம்.

அனிதா கன்னம் ஒட்டிப்போயிருக்கிறாள். வேலையை விட்டுவிடு, இங்கனயே இரு என்றேன். இங்கே இருந்து என்ன செய்ய என்றாள். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். தினமும் உனக்காகச் செபமாலை சொல்கிறேன் ஆத்தா, உனக்கு என்ன வேண்டுமென்று சொல் என்றேன்.

"எனக்காக மன்றாடாதம்மா. மன்றாடணும்னா எங்க வலிக்குதுன்னு சொல்லணும். எனக்கு ஒண்ணும் வலிக்கல."

நாகஜோதியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. வேன் வந்தது. பதினாறு பேரும் ஏறினார்கள், எண்ணிப் பார்த்தேன். ஜன்னலோரம் நின்று நல்லாயிருக்கியா என்று கேட்டேன். நல்லாயிருக்கேன் என்றாள்.

இனி நீயும் எனக்கு அதைத்தான் எழுதுவாய். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மெய்யா என்று நான் தெரிந்துகொள்ள மன்றாட்டு என்று ஒரு வழி இருந்தது, அதை நானே உன் மேனேஜர் கையில் கொடுத்துவிட்டேன். ஆகவே எழுத வேண்டாம்.

ஜெபமணி