கூடாரத்துக்குப் போகும் வழியில் இரண்டு சமையலறைகள்

23-12-2003, செவ்வாய், மூலக்குளம்

நாளை மறுநாள் ஆம்னி வேனில் கடற்கரை ஓரமாகவே காரைக்கால் வரை போகிறோம். இரவுகளில் கூடாரத்தில் தூங்குவோம். நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவேன், என்னைப் பற்றியதையும்தான். அரையாண்டுத் தேர்வில் கணக்கு சொதப்பிவிட்டது. அதையும் எழுதியாயிற்று.

கூடாரம் அப்பாவின் மெக்கானிக் ஷாப்புக்கு வந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதியுடையது. கன்னியாகுமரி வரை போய்வந்த அவர்கள் வேனை அப்பாதான் சரிசெய்து கொடுத்தார். ஊருக்குக் கிளம்பும்போது இதை அவரிடமே விட்டுவிட்டுப் போனார்கள். எப்படி நிறுத்துவது என்று பிரெஞ்சில் ஒரு தாள் இருக்கிறது. பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். பாதி புரிந்தது. மீதியை ஊகித்தேன்.

வீடு இருக்கிறவர்கள் எதற்குத் துணிக்குள் தூங்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "நாலு நாளும் நான் அடுப்பத் தொட மாட்டேன். சம்மதம்னா வர்றேன்."

அப்பா பம்ப் ஸ்டவ்வை வேனில் ஏற்றி, தானே சமைப்பதாக வாக்குக் கொடுத்தார். அப்பாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும்.

25-12, வியாழன், கடலூர்

மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர் பயணம் செய்தோம். உலகத்தில் எந்தப் பயணியும் இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்க மாட்டார். அப்பா போனில் உளறிவிட்டதால் பெரியப்பா ரோட்டிலேயே காத்திருந்தார். கடலோரத்தில் கூடாரம் அடிக்கப் போவதாக அப்பா சொல்லிப் பார்த்தார்.

"ஏன்டா, என் வூட்டுக் கூரை ஒழுவுதா?" என்றார் பெரியப்பா.

இறங்கினோம்.

மொட்டை மாடியிலாவது கூடாரத்தை நிறுத்தலாமே என்றேன். அது இன்னும் அவமானமாம். தம்பி மகளை மாடிக்குத் துரத்திவிட்டதாகத் தெருவே பேசுமாம்.

அழுதேன். கொஞ்சம்தான்.

26-12, சிதம்பரம்

சித்தி வீடு. மேற்படி.

27-12, சனி, அதே சித்தி வீடு

விடமாட்டேன் என்று சித்தி பிடிவாதம். அப்பாவும் சித்தப்பாவும் கிரிக்கெட் பார்க்கிறார்கள்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தி, "நீ போயி உக்காருக்கா" என்கிறாள். சொல்லிக்கொண்டே தேங்காயை நீட்டுகிறாள். வந்த இடத்தில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்தால் நன்றாக இருக்காது போல. அப்பா உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

கடலூரிலும் அம்மாதானே இட்லி ஊற்றினாள்? தட்டில் வந்ததைத் தின்றேனே, யார் கை என்று பார்த்தேனா? கூடாரம், கூடாரம்னு மூக்கைச் சிந்திக்கிட்டுக் கிடந்தேன். பெரிய கவனிப்புக்காரி. த்தூ.

அங்கேயும் நீதான் சமைச்சியா என்று அம்மாவிடம் கேட்டேன். "நம்ம வூட்ல மூணு பேருக்கு. இங்க எட்டுப் பேருக்கு. நல்லாருக்குடி உங்கப்பா டூரு." சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.

நாளை காரைக்காலில் மாமா வீடு. அங்கே பதினொரு பேர். திங்கள்கிழமை ஊர் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது நாளை ஒருநாள்தான்.

28-12, ஞாயிறு, தரங்கம்பாடிக்குச் சற்று முன்னால்

நான் ஒரு பொய் சொன்னேன்.

வேனில் போய்க்கொண்டிருக்கும்போது அப்பாவின் செல்போன் அடித்தது. அப்பா ஓட்டிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். அம்மாவின் அண்ணன் நாராயணசாமி மாமா. கறி எடுத்தாயிற்று, தங்கச்சி வந்துதான் குழம்பு வைக்க வேண்டும், அவள் கைக்குழம்பு சாப்பிட்டு ஆறு மாதம் ஆகிறது என்றார். திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் அம்மா தன் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காய வாடை இன்னும் போகவில்லை.

"வண்டி ரிப்பேர் மாமா. சிதம்பரத்துலயே நிக்கிறோம். நாளைக்குத்தான் வருவோம்." சொல்லி, வைத்துவிட்டேன்.

அப்பா ஓரங்கட்டினார். பொய் சொன்னதற்கு அறை விழும் என்று நினைத்தேன். "வேற பொய்யே கெடைக்கலையா ஒனக்கு? மெக்கானிக் வண்டியே நின்னுபோச்சுன்னா எவன் எங்கிட்ட வண்டி வுடுவான்?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "இந்தச் சவுக்குத் தோப்பு நல்லாருக்கே" என்றாள்.

தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு கூடாரத்தை நிறுத்தினோம். நான் ஊகித்த பாதிதான் தப்பு. இரண்டு முறை அப்பா மேலேயே விழுந்தது. அதன் பிறகு அப்பா உப்புமா கிண்டினார். அதைக் கத்தியால் துண்டு போட வேண்டியிருந்தது. அம்மா மணலில் காலை நீட்டிக்கொண்டு, இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதே நாள், மாலை

மாட்டிக்கொண்டோம். எல்லாம் மாமாவின் பாசத்தால் வந்தது. நடுவழியில் நிற்கும் எங்களுக்காக, கறிக்குழம்புத் தூக்கோடு அத்தையையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்துக்கே கிளம்பியிருக்கிறார். பாதி வழியில் ரோட்டோரம் எங்கள் வேன். அதன் முதுகில் அப்பா ஷாப்பின் பெயர் வேறு.

மாமா முதலில் முன் சீட்டைத் தூக்கி அடியில் இருக்கும் இன்ஜினைப் பார்த்தார். பிறகு கூடாரத்தைப் பார்த்தார். "அண்ணன் வூடு இருக்க, மணல்ல வந்து கெடக்கிறியா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா இல்ல மாமா, நான்தான் பொய் சொன்னேன். உங்க வூட்டுக்கு வந்தா அம்மாதான சமைக்கணும்?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா உப்புமாவைப் பார்த்தார்.

அத்தை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடாரத்துக்குள் தலையை நீட்டினாள். "உள்ள அடுப்பு கெடையாதா நிர்மலா?"

"கெடையாது அண்ணி."

அத்தை உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

எட்டு மணி

அத்தை வெளியே வர மறுக்கிறாள். மாமா மூன்று தடவை, "சந்திரகலா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். காலையில் பதினொரு பேருக்கு யார் இட்லி ஊற்றுவது என்றும் கேட்டார். மாவு அரைச்சுத்தான் வச்சிருக்கு, ஊத்திக்குங்க என்று உள்ளிருந்து பதில் போனது. இப்போது அப்பாவும் மாமாவும் மணலைப் போட்டுப் பாத்திரம் துலக்குகிறார்கள். அவர்கள் படுக்கை வேனில்.

இந்தக் கூடாரம் இரண்டு பேருக்கானது என்று தாளில் இருக்கிறது. அந்த வரி எனக்குத் தெளிவாகவே புரிந்திருந்தது. நடுவில் நான், நோட்டு முட்டியில். அம்மாவும் அத்தையும் என் தலைக்கு மேலே குசுகுசுவென்று பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள். என்னவென்று கேட்டால், அதை எழுதாதே என்கிறார்கள்.

அத்தை டார்ச்சை அணைத்துவிட்டாள். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.