பன்னிரண்டு பேரும் ஒரு வால்வும்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் எண்கள்தான். பம்ப் ஹவுஸ், மின்நிலையம், ஆஸ்பத்திரி. எங்கே எத்தனை ஆட்கள் என்று பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கொள்ளைக் காய்ச்சல் வந்து ஊரே படுத்துவிட்டால் எது முதலில் நிற்கும் என்று எங்கள் ஆபீஸில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த புரோகிராம் கண்ணாடி சார் எழுதியது. ஓடினால் பச்சைப் புள்ளி, நின்றால் சிவப்பு.

மூன்றாவது பம்ப் ஹவுஸ்: 12 பேர். அதில் ஒருவர் அப்பா.

மார்ச் 4, செவ்வாய்

பத்துக்கு நாலு பேர் படுத்தால் ஏழு பேர் மிச்சம். பம்ப் ஹவுஸ் ஓட நாலு பேர் போதுமாம். பச்சை.

எந்த ஏழு பேர்? வாட்ச்மேன்கள், டிரைவர், பெருக்குகிறவர், ஆபீஸ்காரர்கள். எல்லோரும் சேர்ந்து கும்பிட்டாலும் அந்தப் பழைய மோட்டார் ஓடாது. வால்வை எவ்வளவு திறப்பது, மீட்டர் முள் ஆடும்போது எங்கே நிறுத்துவது, அது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அத்தை கல்யாணத்தில் மோட்டார் நின்றது என்று போன் வர, பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார். "நான் இல்லாம ஓடுமா?" என்று பெருமை வேறு.

மார்ச் 5

சொல்லணும். சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பிரிண்டர் பக்கத்தில் கண்ணாடி சார் முன்னால் போய் நின்றேன். "சார், அந்த பம்ப் ஹவுஸ்ல..."

"என்னம்மா, பேப்பர் தீந்துடுச்சா?"

பேப்பர் வைத்துவிட்டு வந்தேன். சே! பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். பதில் தெரிந்தும் தெரியாதவள் மாதிரி நின்று நின்றே படிப்பு ஒன்பதாவதோடு முடிந்தது.

மார்ச் 10, திங்கள்

'குறிப்பு' கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். அந்தக் கட்டத்தை புரோகிராம் படிக்கவே படிக்காதாம். அப்புறம் எதுக்கு அது? வெள்ளிக்கிழமை மேலிடத்துக்கு அறிக்கை போகிறது, தண்ணீருக்கு ஆபத்தில்லை என்று. நம்பிச் சும்மா இருப்பார்கள். அப்பா படுத்தா?

மார்ச் 12, புதன்

12 பேரை அழித்து 1 என்று போட்டேன். தேவை 4 இருந்த இடத்திலும் 1.

ஓட்டிப் பார்த்ததில் ஆறாம் நாள் பம்ப் ஹவுஸ் சிவப்பு. பின்னாடியே ஆஸ்பத்திரி. பின்னாடியே மின்நிலையம்.

"யாரு இதுல கை வெச்சது?" கண்ணாடி சார் கத்தினார்.

"நான்தான்."

"பைத்தியமா உனக்கு? பன்னண்டு எங்க, ஒண்ணு எங்க?"

அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. எங்கள் ஆபீஸ் பெரிய மேடம் பம்ப் ஹவுஸ் அதிகாரிக்கு போன் போட்டார். "அந்தப் பழைய மோட்டாரைப் போட எத்தனை பேருக்குத் தெரியும்?"

ஸ்பீக்கரில் அதிகாரி அப்பா பேரை மட்டும் சொன்னார். அப்புறம், "அவர் லீவே போடமாட்டாரு மேடம்."

மார்ச் 14, வெள்ளி

அறிக்கை போகவில்லை. ஒவ்வொரு நிலையத்தையும் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்கணுமாம். கேட்பது யார்? நான்! போனில்! செத்தேன்.

மார்ச் 21

அப்பா மூன்று நாளாகப் பேசவில்லை. இரண்டு பேருக்கு வால்வைப் பழக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. "பெத்த பொண்ணே என் வேலைக்கு உலை வெச்சுட்டா" என்று அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி.

ஏப்ரல் 9

அப்பாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான். காலையில் எழுந்து சட்டையை மாட்டப் பார்த்தார், முடியவில்லை. அவர் பழக்கிவிட்ட இரண்டு பேரும் பம்ப் ஹவுஸிலிருந்து கூப்பிடவில்லை.

எட்டு மணிக்கு, தண்ணீர் வரும் நேரம், "அந்தக் குழாயத் திற" என்றார்.

திறந்தேன். தண்ணீர் வாளியில் விழும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவால்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பினார். பதினொரு மணிவரை தூங்கினார்.