கூடாரத்தில் தூங்குகிறவன்

டேய் வில்லாளி,

பரணை ஒழித்தபோது, நாம் ஆளுக்கொரு வீரனாகிப் பகடை உருட்டி ஆடிய கதை விளையாட்டின் பழைய பத்திரிகைகள் கிடைத்தன. அட்டையெல்லாம் நீ சிந்திய டீ.

ஒன்றில் வாசகர் கேள்வி: ஆட வராதவனின் வீரனை என்ன செய்வது? "கூடாரத்தில் தூங்கட்டும், அவன் வரும்வரை யாரும் தொடக்கூடாது" என்று பதில்.

நீ வராத அன்று, கதையை நடத்திய நான், கடுப்பில் உன் வில்லாளியை டிராகனுக்கு இரையாக்கினேன். "பகடை அப்படி விழுந்துச்சுடா, நான் என்ன பண்றது?" என்று போனில் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நீ "சரிடா" என்றாய். உன் அப்பாவுக்கு எப்படியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதன்பிறகு நீ ஆட வரவேயில்லை.

அன்று பகடையை நான் உருட்டவே இல்லை.

போன வாரம் நம் விளையாட்டு வரைபடத்தை மேசையில் விரித்து, காகிதக் கூடாரத்துக்குள் உன் வில்லாளி பொம்மையைப் படுக்கவைத்தேன். மேசையைத் துடைக்கக்கூட யாரையும் விடுவதில்லை. அவன் தூங்குகிறான்.

இப்படிக்கு,
பகடையைக் கையிலேயே வைத்திருந்தவன்